180-இல் நிறுத்தியது அலட்சியமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். காசிமேட்டில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 62 வயது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பத்து நாளாகப் பிரஷர் மாத்திரையை விட்டிருக்கிறார். ஒரு ராத்திரி மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, கண் மங்கல், சம்பந்தமில்லாத பேச்சு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 240/130. தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று சொல்லி, ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளிக் காகிதம் சுற்றிய பாட்டிலில் சோடியம் நைட்ரோபுரூசைட் என்ற மருந்தைப் பம்ப் வைத்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 180/98 வந்ததும் 'போதும்' என்று அதற்குமேல் கூட்டவில்லை. ஏன் 120-க்குக் கொண்டுவரவில்லை, அந்த மருந்தில் சயனைடு இருப்பதாக இணையத்தில் போட்டிருக்கிறதே, தெருமுனை கிளினிக்கிலேயே நாக்குக்கு அடியில் கேப்ஸ்யூல் பிழிந்திருந்தால் இறங்கியிருக்கும் என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர், என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அப்பாவை அக்கறையாகப் பார்த்தார்களா, ஏனோதானோ என்று விட்டுவிட்டார்களா?

நான் டாக்டர் இல்லை. வடசென்னையில் 27 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், அதில் கடைசி 11 வருடம் ஐசியூ. மருந்தை எழுதுவது டாக்டர். அதைக் கலந்து, பம்பில் மாட்டி, ராத்திரி முழுக்க மானிட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது நாங்கள். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் 'எல்லாம் சரியாகச் செய்தார்கள்' என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஆனால் நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த 180, என் கண்ணுக்குக் குறையாகத் தெரியவில்லை. யாரோ கவனமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது.

முதலில், 240 என்ற எண் மட்டும் அவசரம் ஆகாது. கேம்பில் 190, 200 என்று காட்டியதும் பதறிக்கொண்டு ஆட்டோ பிடித்து வருபவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். தலைவலி இல்லை, நெஞ்சுவலி இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, சிறுநீர் சரியாகப் போகிறது என்றால் அவர்களுக்கு டிரிப் தேவையில்லை. உட்கார வைத்து, மறுபடி அளந்து, விட்டுப்போன மாத்திரையைத் தொடங்கி, சில நாளில் திரும்ப வரச் சொன்னால் போதும். மேல் எண் 180-ஐயும் கீழ் எண் 120-ஐயும் தாண்டி, கூடவே மூளை, இதயம், சிறுநீரகம், கண், பெரிய ரத்தக்குழாய் இவற்றில் ஒன்று அப்போதே கெட்டுக்கொண்டிருந்தால்தான் அது பிரஷர் அவசரநிலை. உங்கள் அப்பாவுக்கு மூளையும் கண்ணும் அடிவாங்கிக்கொண்டிருந்தன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறியிருந்தது என்கிறீர்கள். ஆகவே ஐசியூ, டிரிப் இரண்டும் நியாயமே.

இப்போது 180-க்கு வருவோம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் நாலாவது மாடியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாயில் அழுத்தம் நிறைய இருந்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். வருடக்கணக்கில் அதிக அழுத்தத்துக்குப் பழகிய கட்டடத்தில் திடீரென்று வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தால், கீழ்வீட்டில் குழாய் கொட்டும், நாலாவது மாடியில் காற்றுதான் வரும். மூளை அந்த நாலாவது மாடி. சாதாரண ஆளுக்குச் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 60 முதல் 150 வரை எங்கே இருந்தாலும், மூளை தன் ரத்தக்குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் ரத்த ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். பல வருடம் பிரஷர் இருப்பவருக்கு அந்த வரம்பு முழுவதுமே மேலே நகர்ந்திருக்கும். நமக்கு நல்ல எண்ணாகத் தெரியும் 120/80 அந்த ராத்திரி அவருடைய மூளைக்குப் பஞ்சமாகிவிடலாம். பக்கவாதம் வரலாம், பார்வை போகலாம், சிறுநீரகம் நின்றுபோகலாம்.

கணக்கைப் பாருங்கள். கீழ் எண்ணை இரண்டு மடங்காக்கி மேல் எண்ணோடு கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி அழுத்தம் வரும். 240/130-க்கு அது ஏறக்குறைய 167. முதல் ஒரு மணி நேரத்தில் இதில் கால் பங்குக்குமேல் குறைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. 167-இல் கால் பங்கைக் கழித்தால் 125. 180/98-இன் சராசரியும் 125தான். உங்கள் கண்ணுக்கு 180 என்பது இன்னும் ஆபத்து. டியூட்டியில் இருந்தவருக்கு அது அந்த மணி நேரத்தின் எல்லைக்கோடு. அதற்குப் பிறகு இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் 160/100 அளவுக்கு, பிறகு ஒன்று இரண்டு நாளில் மெதுவாக இயல்புக்கு. விடிந்தபோது 158/96 என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான தடத்தில்தான் வந்திருக்கிறார்.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் மெதுவாக இறக்க நேரம் கிடையாது. முதலில் இதயத்துடிப்பை 60-க்குக் கீழே கொண்டுவரும் பீட்டா பிளாக்கர், அதோடு சேர்த்து மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவருவது என்று சில நிமிடங்களிலேயே ஓட வேண்டும். அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால் நேர் எதிர்: உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத பட்சத்தில் 220/120-ஐத் தாண்டாதவரை பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். அதனால்தான் அப்பாவுக்குப் பிரஷரைக் குறைக்கும் முன் சிடி எடுத்தார்கள். ஸ்கேனுக்காகக் காத்திருந்த நேரம் வீணாகப் போகவில்லை.

அடுத்து அந்த மருந்து. நைட்ரோபுரூசைட், நெஞ்சுவலிக்குப் போடும் நைட்ரோகிளிசரின் இரண்டும் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவின் வழியாக ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. அந்த வாயு உடலில் செய்தி சொல்லும் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நைட்ரோகிளிசரின் முக்கியமாகச் சிரைகளைத் தளர்த்தும். நைட்ரோபுரூசைட் தமனி, சிரை இரண்டையும். இதன் வேகம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஏற்ற ஆரம்பித்து ஓரிரு நிமிடத்துக்குள் பிரஷர் இறங்கும். நிறுத்தினால் சில நிமிடங்களில் பழையபடி ஏறும். இந்த வேகம்தான் இதன் வரம், இதுவே சாபமும். அதிகமாகிவிட்டால் நிறுத்தினால் போதும், மருந்து தானே விலகிவிடும். ஆனால் அது அதிகமான அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

வெள்ளிக் காகிதத்துக்குக் காரணம் வெளிச்சம். 50 மில்லிகிராம் பொடியை 5 சதவீத குளுக்கோஸில் கரைத்து 250 மில்லி பாட்டிலில் கலந்தால் வெளிறிய பழுப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டால் மருந்து சிதையும். நீலமாகவோ பச்சையாகவோ அடர் சிவப்பாகவோ மாறியிருந்தால் பேசாமல் கொட்டிவிட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது காகிதத்தின் ஓரத்தை விலக்கி நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சார்ஜ் வாங்குவோம். 'பாட்டிலை மூடினார்கள், டியூபை மூடவில்லையே' என்று கேட்டிருந்தீர்கள். டியூபுக்குள் மருந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்பதால் அது கட்டாயமில்லை. சில வார்டுகளில் அதையும் மூடுவார்கள், தப்பில்லை.

சயனைடு விஷயத்தில் இணையம் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறது. இந்த மருந்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து சயனைடு உண்டு. எடையில் பார்த்தால் 44 சதவீதம். மருந்து உடைய உடைய அது வெளியே வரும். கல்லீரல் கந்தகத்தின் துணையோடு அதைத் தயோசயனேட்டாக மாற்றும், சிறுநீரகம் அதை வெளியேற்றும். எவ்வளவு வேகத்தில் ஏற்றுகிறோம், எவ்வளவு நேரம் ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிமிடத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டினால் உடல் மாற்றும் வேகத்தை மீறிச் சயனைடு சேரத் தொடங்கும். 10 மைக்ரோகிராம் என்பது உச்சம். அதைப் பத்து நிமிடத்துக்குமேல் ஓட விடக் கூடாது. ஆரம்பிப்பது 0.3-இல். நீங்கள் எடுத்த படத்தில் பம்ப் 9 என்று காட்டுகிறது. பாட்டிலின் லேபிள் பாதிதான் தெரிகிறது, நான் சொன்ன அளவில் கலந்திருந்தார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 9 மில்லி என்றால் நிமிடத்துக்கு 30 மைக்ரோகிராம். அப்பாவுக்கு 60 கிலோ என்றால் கிலோவுக்கு 0.5. எல்லையில் நாலில் ஒரு பங்கு. 14 மணி நேரம் ஓடியது என்கிறீர்கள். அப்படியானால் மொத்தம் ஏறக்குறைய 25 மில்லிகிராம், பாதி பாட்டில். இந்த அளவைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. இதே 14 மணி நேரம் மூன்று நாளாகியிருந்தால், கிரியேட்டினின் கொஞ்சம் இல்லாமல் நிறைய ஏறியிருந்தால், வேறு மாதிரி எழுதியிருப்பேன். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குத் தயோசயனேட் தேங்கி, காதில் இரைச்சல், குழப்பம், தசைத் துடிப்பு என்று போகும்.

சயனைடு சேர்கிறது என்று எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மருந்துதான். நேற்று வரை கேட்ட டோஸ் இன்றைக்குக் கேட்காது, கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ரத்தத்தில் அமிலமும் லாக்டேட்டும் ஏறும். செல்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாததால், சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம்கூடப் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். இப்படி வந்தால் மருந்தை நிறுத்தி, சோடியம் தயோசல்ஃபேட் போன்ற மாற்று மருந்து கொடுப்பார்கள். ஆனால் இதற்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனமில்லை. சீக்கிரமே வாய்வழி மாத்திரையைத் தொடங்கி டிரிப்பை இறக்கிவிடுவதுதான் நல்ல வழி. அப்பாவுக்கு அன்றைக்குக் காலையிலேயே அம்லோடிபின் ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனித்தேன்.

சயனைடைவிட நான் பயப்படுவது டியூபுக்கு. என் கையாலேயே நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஐசியூவுக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு அம்மாவுக்கு இதே மருந்து, இதே 9 மில்லி வேகத்தில், கை நரம்பில் போட்ட ஒரே ஊசிக்குழாயில் (வென்ஃப்ளான்) போய்க்கொண்டிருந்தது. வாந்திக்கு ஊசி போடச் சொன்னார்கள். இன்னொரு நரம்பு தேடச் சோம்பல். பம்பின் பக்கத்தில் இருந்த, குழாயில் ஊசி போட வாய் உள்ள த்ரீ-வே என்ற இணைப்பு வழியாக ஊசியைப் போட்டு, பின்னாலேயே சலைனைத் தள்ளினேன். த்ரீ-வேயிலிருந்து கை வரை உள்ள நீட்டுக்குழாயில் இரண்டு மில்லி அளவு நைட்ரோபுரூசைட் நின்றுகொண்டிருந்தது. பதின்மூன்று நிமிடத்தில் போக வேண்டிய மருந்தை ஐந்து விநாடியில் உள்ளே தள்ளிவிட்டேன். அந்த அம்மா 'கண்ணு இருட்டுதும்மா' என்றார்கள். மானிட்டரில் 78. பம்பை நிறுத்தி, காலைத் தூக்கிப் பிடித்து, டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து சேர்வதற்குள் 130 ஆகி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. மருந்தின் குறுகிய ஆயுள் என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து இந்த மருந்துக்குத் தனி நரம்பு, தனிக் குழாய், த்ரீ-வேயின் மேல் 'ஊசி போடாதே' என்று பிளாஸ்டர் ஒட்டாமல் நான் டியூட்டி பார்த்ததில்லை.

இப்படிச் சின்னச் சின்ன சமாச்சாரங்கள் நிறைய இருக்கின்றன. பிரஷர் கஃபை டிரிப் போகும் கையிலேயே கட்டினால், கஃப் இறுகும்போது மருந்து நின்று குழாயில் அழுத்தம் சேரும். தளரும்போது மொத்தமாக உள்ளே போகும். நாம் அளப்பதே நோயாளியை இறக்கிவிடும். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், அதை நம்பி மருந்தைக் கூட்டுவோம். சிரிஞ்சு பம்பைக் கட்டிலுக்குமேல் உயரத்தில் வைத்து, சிரிஞ்சு சரியாகப் பொருந்தாமல் இருந்தால் மருந்து தானாக வழிந்து இறங்கும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பம்பின் பேட்டரி செத்துவிட்டால் லிஃப்டுக்குள்ளேயே பிரஷர் 230. பம்பே இல்லாமல் சொட்டு எண்ணி இந்த மருந்தை ஓட்டிய காலத்தையும் பார்த்தவள் நான். நோயாளி கையை மடக்கினால் சொட்டு மாறும். அப்படி ஓட்டக் கூடாது. மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைக் காட்டும் வசதியோடு ஓட்டுவதுதான் உத்தமம். அது இல்லாத இடத்தில் முதல் மணி நேரம் சில நிமிடத்துக்கு ஒரு முறை கஃபால் அளந்தாக வேண்டும். 'இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கையை இறுக்கி அப்பாவைத் தூங்கவிடவில்லை' என்று கோபப்பட்டிருந்தீர்களே, அந்தத் தூக்கமின்மைதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த நல்ல கவனிப்பு.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவதில் அவ்வளவு உறுதி கிடையாது. 'முதல் மணி நேரத்தில் கால் பங்கு' என்பது உடலின் இயக்கத்தைப் புரிந்துகொண்டு, பட்ட அனுபவத்தையும் வைத்து நிபுணர்கள் ஒத்துக்கொண்ட அளவு; 20-ஐயும் 25-ஐயும் 30-ஐயும் பெரிய ஆய்வில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வந்தது அல்ல. எந்த மருந்து அதிக உயிர்களைக் காக்கிறது என்றும் யாரும் தெளிவாக நிரூபித்ததில்லை. மூளை பாதித்தவருக்கு நைட்ரோபுரூசைட்தான் சரியா என்று கேட்டால், இன்றைக்குப் பல டாக்டர்கள் லேபெட்டலாலையோ நிகார்டிபினையோ முதலில் எடுப்பார்கள், ஏனென்றால் நைட்ரோபுரூசைட் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டலாம் என்ற கவலை உண்டு. இதயத்துக்குப் போகும் ரத்தத்தைத் திசைதிருப்பிவிடலாம் என்ற பயத்தால் மாரடைப்பிலும் தவிர்ப்பார்கள். என் விருப்பமும் லேபெட்டலால்தான். 20 மில்லிகிராமை இரண்டு நிமிடத்தில் மெதுவாகப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம், வெளிச்சமும் சயனைடும் தொல்லை தராது. ஆனால் ஆஸ்துமா இருந்தாலோ நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ அதைக் கொடுக்க முடியாது. அப்பாவுக்கு வீசிங் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவே காரணமாக இருக்கலாம். அந்த நேரம் கையிருப்பில் எது இருந்ததோ அதுவும் காரணமாக இருக்கலாம். இதை அந்த டாக்டரிடமே கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கேப்ஸ்யூல் நிஃபெடிபின். ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவது ஒரு காலத்தில் எல்லாக் கிளினிக்கிலும் நடந்தது, நானும் செய்திருக்கிறேன். பிரஷர் மளமளவென்று இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. பிரச்சினை என்னவென்றால் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, இறங்கியதைத் திருப்பி ஏற்றவும் வழியில்லை. பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைத் தொகுத்து, இந்தப் பழக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். கர்ப்பிணிகளுக்கு அதே மருந்தை விழுங்கக் கொடுப்பது வேறு விஷயம், அது இன்றும் உண்டு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறக்குவதுதான் கூடாது. அன்றைக்கு உங்கள் தெருமுனைக் கிளினிக் மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது எழுந்து உட்கார்ந்தால் தலைசுற்றுகிறது என்கிறீர்களே, அது புது அளவுக்கு உடம்பு பழகுவதாக இருக்கலாம், மாத்திரை கொஞ்சம் அதிகமாகவும் இருக்கலாம். படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை அளந்து, இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். கண் உள்பரிசோதனை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இவை மூன்றும் மறுபடி பார்த்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் தேடுங்கள். அவர் விட்ட மாத்திரை குளோனிடினா என்றும் பழைய சீட்டில் பாருங்கள். அதைச் சட்டென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே பிரஷர் எகிறும். நாள் போய்ப் பத்தாவது நாள் ஏறியது என்பதால் அதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன், இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். படகில் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, ஆனால் வீட்டில் இருக்கும் மாத்திரை கடலில் இருப்பவருக்கு உதவாது. அவர் டிபன் பையில் இருபது நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, படகில் இன்னொருவரிடமும் சொல்லிவைத்து அனுப்புங்கள்.